அழைப்பு மணியை நிறுத்துவது யார்?

போன ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. மணி பதினொன்று இருக்கும். எங்கள் வீட்டு அழைப்பு மணி திடீரென்று அடிக்கத் தொடங்கியது. கதவைத் திறந்து பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. மணியோ நிற்கவில்லை. பொத்தானுக்குள் மழைநீர் இறங்கி, உள்ளே இருந்த இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. தட்டினேன், நகத்தால் நெம்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவன், கடைசியில் நாற்காலியின்மேல் ஏறி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விடியும்வரை கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். விலங்கியல் ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்கள் வீட்டு மணிக்கு அடிக்க மட்டும்தான் தெரியும். செல்லின் வாசலிலும் மணி இருக்கிறது. அது அடித்த மறுகணமே அதை நிறுத்துவதற்கு உள்ளேயிருந்து ஓர் ஆள் எழுந்து வருவான்" என்றார். யார் அந்த ஆள் என்று கேட்டேன். "கைனேஸ்" என்றார். அன்று தொடங்கிய பேச்சு பல மாதங்கள் நீண்டது. அதில் எனக்கு விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். இயற்பியல்காரன் உயிரியல் பேசுவதால் ஆங்காங்கே மின்சாரமும் ஒளியும் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே நின்று பேசும் அட்ரினலின்

நீங்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தெருமுனையில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு துரத்துகிறது. அடுத்த சில விநாடிகளில் என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வேகமாகிறது. கால்களில் எங்கிருந்தோ பலம் வந்து சேர்கிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், அட்ரினலின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலந்துவிட்டன என்பதே இதற்குக் காரணம்.

அட்ரினலின் கல்லீரலுக்கும் போகிறது. கல்லீரல் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேமிப்பில் இருக்கிறது. அதை உடைத்துக் குளூக்கோஸாக்கி இரத்தத்தில் விட வேண்டும் என்பது அட்ரினலின் கொண்டுவரும் கட்டளை. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் இரத்தத்தில் குளூக்கோஸ் ஏறத்தாழ 1 கிராம் இருக்கிறது. அட்ரினலினோ, சாதாரண நேரத்தில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாய் துரத்தும்போது பல மடங்கு உயர்ந்தாலும் மைக்ரோகிராம் கணக்கைத் தாண்டிப் பெரிதாகப் போவதில்லை. இவ்வளவு சிறிய பொருள் அவ்வளவு பெரிய கிடங்கைத் திறக்கிறது. எங்கோ ஒரு பெருக்கி இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஆன்டெனாவுக்கு வரும் நலிந்த அலையை ஒலிபெருக்கி அதிரும் அளவுக்குப் பெருக்குகிறோமே, அதைப் போல.

இன்னொரு வியப்பும் உண்டு. இந்த அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை! இதைத் தெளிவாக்கியவர் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் ஆராய்ச்சி செய்த ஏர்ல் சதர்லாந்து. 1950-களில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் கல்லீரலை அரைத்துக் கூழாக்கி, அதில் அட்ரினலினைச் சேர்த்தார்கள். கிளைகோஜனை உடைக்கும் நொதி விழித்துக்கொண்டது. பிறகு அந்தக் கூழை மையவிலக்குப் பொறியில் சுழற்றினார்கள். செல் சவ்வின் துணுக்குகள் அடியில் படிந்தன. தெளிந்த நீர் மேலே நின்றது. தெளிந்த நீரில் அந்த நொதி இருந்தது. ஆனால் இப்போது அட்ரினலினைச் சேர்த்தால் அது அசையவில்லை. அப்படியானால் கட்டளையைக் கேட்கும் காது, தூக்கி எறிந்த வண்டலில் அல்லவா இருக்க வேண்டும்?

அவர்கள் வண்டலோடு அட்ரினலினைச் சேர்த்தார்கள். சிறிது நேரம் கழித்து அதைக் கொதிக்க வைத்தார்கள். புரதங்கள் எல்லாம் முட்டை வெந்தது போல உறைந்து பாழாயின. மிஞ்சிய சாற்றைத் தெளிந்த நீரில் விட்டதும் நொதி விழித்துக்கொண்டது! கொதித்தும் கெடாத ஒரு சிறிய மூலக்கூறு உள்ளே செய்தியைக் கொண்டுசெல்கிறது என்று தெரிந்தது. அதுதான் சைக்ளிக் ஏ.எம்.பி. வாசலில் நிற்கும் முதல் தூதனிடம் செய்தியைக் கேட்டு, வீட்டுக்குள் ஓடும் இரண்டாம் தூதன் அது. சதர்லாந்துக்கு இதற்காக 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லின் சவ்வில் பதிந்து நின்று, வெளியே வந்த ஹார்மோனை அடையாளம் கண்டுகொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். நம் கதையின் அழைப்பு மணிப் பொத்தான் அதுதான். அட்ரினலின் வந்து அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. உடனே அது சவ்வின் உட்புறத்தில் காத்திருக்கும் ஜி-புரதங்கள் என்னும் இடைத்தரகர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி எழுப்புகிறது. அவை போய் வேறொரு நொதியைத் தூண்டுகின்றன. அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.யை மளமளவென்று தயாரிக்கிறது. பெருக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது.

வடிதாள் செய்த வேலை

சைக்ளிக் ஏ.எம்.பி. உள்ளே போய் யாரிடம் செய்தி சொல்கிறது? இதற்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கதை ஒரு வடிதாளில் தொடங்குகிறது.

கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்னும் தம்பதியர் 1947-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். கிளைகோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதி, வேலை செய்யும் 'ஏ' வடிவம், தூங்கும் 'பி' வடிவம் என இரண்டு வடிவங்களில் இருப்பதைக் கண்டவர்கள். 1950-களின் நடுவில் சியாட்டில் நகரில் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்ற இரண்டு நண்பர்கள் தசையிலிருந்து 'ஏ' வடிவத்தைப் பிரிக்க முயன்றார்கள். எத்தனை முறை செய்தாலும் தூங்குமூஞ்சி 'பி'தான் கிடைத்தது. கோரி தம்பதியர் எழுதிவைத்த முறைக்கும் தங்கள் முறைக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்தார்கள். ஒன்றே ஒன்றுதான். பழைய முறையில் தசைச் சாற்றை வடிதாளில் வடிகட்டுவார்கள். இவர்கள் அதற்குப் பதிலாக மையவிலக்குப் பொறியில் சுழற்றினார்கள். வடிதாளுக்குத் திரும்பினார்கள், 'ஏ' வந்தது!

தாளில் என்ன மாயம்? அதில் சிறிதளவு கால்சியம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால்சியம் தசைச் சாற்றில் இருந்த, அதுவரை யாரும் அறியாத ஒரு நொதியைத் தூண்டிவிட்டது. அந்த நொதி ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி, தூங்கும் பாஸ்பாரிலேஸின் மேல் ஒட்டவைத்தது. அவ்வளவுதான்; 'பி' விழித்து 'ஏ' ஆயிற்று. அதிகம் செலவில்லாத இந்தக் கவனிப்புக்கு நோபல் குழு 1992 வரை காத்திருந்து பரிசளித்தது. என் மாணவர்கள் செய்முறை ஏட்டில் 'வடிகட்டப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு, எதில் வடிகட்டினோம் என்று எழுதாமல் விடும்போதெல்லாம் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

இப்படி ஏ.டி.பி.யிடமிருந்து பாஸ்பேட்டை வாங்கி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும் நொதிகளுக்குத்தான் புரதக் கைனேஸ்கள் என்று பெயர். 'அசைத்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர் இது. நம் இயற்பியலில் இயக்க ஆற்றலைக் குறிக்கும் 'கைனடிக்' என்ற சொல்லும், ஏன், சினிமா என்ற சொல்லும்கூட அதே வேரிலிருந்து முளைத்தவைதாம். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றி எறிவதற்கென்றே பாஸ்படேஸ் என்ற வேறு நொதிகள் இருக்கின்றன. ஒட்டுவது ஒருவர், கழற்றுவது ஒருவர்.

ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் ஒரு பெரிய புரதம் ஏன் மாற வேண்டும்? இங்கே என் பாடம் வருகிறது. செல்லுக்குள் இருக்கும் சூழலில் புரதத்தில் ஒட்டிய பாஸ்பேட் ஏறத்தாழ இரண்டு எதிர் மின்னூட்டங்களைச் சுமக்கிறது. பாஸ்பாரிலேஸில் 800-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. கைனேஸ் குறிவைப்பது அவற்றில் 14-ஆவதாக இருக்கும் செரினை மட்டுமே. அந்த இடத்தில் எதிர் மின்னூட்டம் வந்ததும், சங்கிலியின் முனை தான் இருந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்து, நேர் மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்களை நாடிப் போகிறது. மாறுபட்ட மின்னூட்டங்கள் ஈர்க்கும் என்று கூலும் சொன்ன விதிதான்! ஒரு முனை நகர, அதோடு பிணைந்த பகுதிகளும் நகர, நொதியின் வேலை செய்யும் வாய் திறக்கிறது. கதவின் ஓரத்தில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை நீக்கினால் முழுக் கதவும் திறப்பது போல.

சைக்ளிக் ஏ.எம்.பி. செய்தி சொல்லும் ஆளும் ஒரு கைனேஸ்தான் என்று 1968-ல் கிரெப்ஸின் ஆய்வகத்தில் கண்டார்கள். அதைப் புரதக் கைனேஸ் 'ஏ' என்பார்கள். ஓய்வில் இருக்கும்போது இதன் வேலை செய்யும் இரண்டு பகுதிகளையும் காவல் பகுதிகள் இரண்டு கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். சைக்ளிக் ஏ.எம்.பி. வந்து காவல் பகுதிகளில் அமர்ந்ததும் பிடி தளர்கிறது. விடுபட்ட கைனேஸ், வடிதாள் கதையில் வந்த கைனேஸைத் தூண்டுகிறது. அது பாஸ்பாரிலேஸைத் தூண்டுகிறது. பாஸ்பாரிலேஸ் கிளைகோஜனை உடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் பலரை எழுப்புகிறார். அந்தப் பலரில் ஒவ்வொருவரும் மேலும் பலரை எழுப்புகிறார். மைக்ரோகிராம் கிராமாகும் இரகசியம் இதுவே.

மனித உடலில் இத்தகைய புரதக் கைனேஸ்கள் 500-க்கும் மேல் இருக்கின்றன. நம் மரபணுக்களில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று இந்தக் குடும்பத்துக்கே போய்விடுகின்றன என்றால் இதன் மதிப்பு விளங்கும்.

பொத்தானுக்கே பூட்டு

இதுவரை சொன்னது மணி அடிக்கும் கதை. பாடநூல்களில் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றியது இனி வருவதுதான்.

ஒரு செல்லின் மேல் தொடர்ந்து அட்ரினலினை விட்டுக்கொண்டிருந்தால், முதலில் சைக்ளிக் ஏ.எம்.பி. வேகமாக ஏறும். சில நிமிடங்களில், அட்ரினலின் அப்படியே இருக்கும்போதே, ஏற்றம் மந்தமாகிவிடும். யாரோ பொத்தானின் இணைப்பை உள்ளேயிருந்து துண்டித்துவிட்டது போல. யார் அது? முதலில் சந்தேகம் புரதக் கைனேஸ் 'ஏ' மீதே விழுந்தது. அது ஏற்பியின் மேலும் பாஸ்பேட்டை ஒட்டி அதை ஓரளவு மந்தமாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கைனேஸ் இல்லாத ஒரு வகை எலிச் செல்களிலும் ஏற்பியில் பாஸ்பேட் ஏறியது! அப்படியானால் திரைக்குப் பின்னால் இன்னொருவர் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் என்ற இதய மருத்துவர் இந்த ஏற்பிகளைப் பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருந்தார். ஏற்பி என்று ஒரு பொருள் உண்மையிலேயே உண்டா, அல்லது அது வெறும் பேச்சா என்றே பலர் ஐயப்பட்ட காலத்தில் இந்த வேலையைத் தொடங்கியவர் அவர். 1986-ல் அவருடைய குழுவினர் அந்த மறைந்திருந்த கைனேஸைக் கண்டுபிடித்தார்கள். அதன் குணம் விசித்திரமானது. அட்ரினலின் அமர்ந்திருக்கும் ஏற்பியின் மேல் மட்டுமே அது பாஸ்பேட்டை ஒட்டுகிறது. சும்மா இருக்கும் ஏற்பியை அது தொடுவதில்லை. அடித்துக்கொண்டிருக்கும் மணியைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறது. அடிக்காத மணிகளை அடுத்த அழைப்புக்காக விட்டுவைக்கிறது.

அந்தக் கைனேஸுக்கு எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று எப்படித் தெரிகிறது? ஏற்பி தட்டி எழுப்பும் ஜி-புரதம் இரண்டு துண்டுகளாகப் பிரியும். ஒரு துண்டு செய்தியைக் கொண்டு ஓடுகிறது. மற்றத் துண்டு சவ்விலேயே தங்கி, செல்லுக்குள் அலைந்துகொண்டிருக்கும் அந்தக் கைனேஸைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வருகிறது. மணி அடிப்பதே மணியை நிறுத்துபவனையும் அழைத்துவிடுகிறது! மின்னணுவியலில் எதிர்ப் பின்னூட்டு என்று நாங்கள் பெருமையாகக் கற்பிக்கும் உத்தி, செல்லுக்கு நம்மைக் கேட்காமலே தெரிந்திருக்கிறது.

இதற்குள் ஆய்வகத்தில் ஒரு சிக்கல். அந்தக் கைனேஸை எவ்வளவுக்கெவ்வளவு சுத்தப்படுத்தினார்களோ, அவ்வளவுக்கவ்வளவு ஏற்பியை அடக்கும் அதன் திறன் குறைந்துகொண்டே போயிற்று. பாஸ்பேட் மட்டும் நன்றாகத்தான் ஏறியது. ஆனால் ஏற்பி அடங்கவில்லை. அழுக்கு என்று கருதி நீக்கியதில் ஏதோ ஒரு கூட்டாளியும் போய்விட்டான் என்று ஊகித்தார்கள். அந்தக் கூட்டாளியை எங்கே தேடுவது? நம் கண்ணில்!

ஒரே ஓர் ஒளித்துகள்

நெஞ்சையும் கல்லீரலையும் விட்டு விழித்திரைக்கு ஏன் தாவுகிறேன் என்று கேட்பீர்கள். அதே 1986-ல் லெஃப்கோவிட்ஸின் குழுவில் இருந்த பிரையன் கோபில்காவும் பிறரும் அட்ரினலின் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தார்கள். அந்தப் புரதம் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஒரு நூல் போலிருந்தது. அதே அமைப்பு ஏற்கெனவே ஒரே ஒரு புரதத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்ணில் ஒளியை வாங்கும் ரொடாப்சின்! ஒளியைப் பார்ப்பதும் ஹார்மோனைக் கேட்பதும் ஒரே குடும்பத்துத் தொழில் என்று அன்றுதான் தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான ஏற்பிகள் இருப்பது பின்னர் தெரியவந்தது. லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012-ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கண்ணில், ஒளி பட்ட ரொடாப்சினின் மேல் ஒரு கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டுவது 1972-லேயே தெரியும். பாஸ்பேட் ஒட்டிய ரொடாப்சினின் மேல் இன்னொரு புரதம் மூடி போல வந்து உட்காருவதும் தெரிந்திருந்தது. அதை அரெஸ்டின் என்பார்கள். 'நிறுத்துபவன்' என்று பொருள். டியூக் ஆய்வாளர்கள் கண்ணின் அரெஸ்டினைச் சுத்தமான கைனேஸோடு சேர்த்துப் பார்த்தார்கள். அட்ரினலின் ஏற்பி அடங்கியது! பிறகு 1990-ல், கண்ணுக்கு வெளியே மற்றச் செல்களில் இந்த வேலையைச் செய்யும் அரெஸ்டினையும் கண்டுபிடித்தார்கள்.

ஆக, மணியை நிறுத்தும் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டி 'இதை நிறுத்துக' என்று குறியிடுகிறது. அரெஸ்டின் அந்தக் குறியைப் பார்த்து வந்து பொத்தானை மூடுகிறது. ஜி-புரதத்துக்கு இனி அங்கே இடமில்லை. அட்ரினலின் ஏற்பியானால், அரெஸ்டின் அதைச் செல்லுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளவும் வழிசெய்கிறது. உள்ளே போன ஏற்பி, பாஸ்பேட் கழற்றப்பட்டு மீண்டும் வாசலுக்கு வரலாம்; அல்லது உடைக்கப்பட்டுவிடலாம்.

கண்ணில் இது எவ்வளவு நுட்பமாக நடக்க வேண்டும் என்று பாருங்கள். விழித்திரையின் கோல் செல்கள் மங்கிய ஒளிக்கானவை. 1942-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவர் இருட்டறையில் மனிதர்களை உட்காரவைத்து மிக மங்கிய ஒளிப்பொறிகளைக் காட்டினார்கள். சுமார் 500 கோல் செல்கள் உள்ள பரப்பில் ஏறத்தாழ 5 முதல் 14 ஒளித்துகள்கள் உட்கவரப்பட்டாலே 'தெரிந்தது' என்றார்கள். ஒரே செல்லில் இரண்டு துகள்கள் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே ஒரு கோல் செல் ஒரே ஓர் ஒளித்துகளை உணர்ந்து சொல்கிறது என்று முடிவு கட்டினார்கள். இதற்கு மேல் நுண்மையான ஒளிமானி இருக்க முடியாது. ஒளித்துகளில் பாதி என்று ஒன்று இல்லையே!

ஒரு கோல் செல்லில் ஏறத்தாழ 10 கோடி ரொடாப்சின் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று ஒளித்துகளை வாங்கியதும் செல் முழுவதும் செய்தி எழுகிறது. அந்த ஒன்று அணையாமல் இருந்தால்? ஒளி போன பிறகும் 'வெளிச்சம், வெளிச்சம்' என்று அது கூவிக்கொண்டே இருக்கும். 1999-ல் இந்தக் கைனேஸ் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். இயல்பான சுண்டெலியில் ஒரு விநாடிக்குள் எழுந்து அடங்கிவிடும் ஒற்றை ஒளித்துகளின் செய்தி, இவற்றில் பல விநாடிகள் நீடித்தது. தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தபோது கோல் செல்களே மடியத் தொடங்கின.

சுண்டெலியில் மட்டுமல்ல. ஜப்பானியக் கண் மருத்துவர் சூத்தா ஓகுச்சி 1907-ல் ஒரு வகை மாலைக்கண்ணைப் பற்றி எழுதினார். இவர்களுக்குப் பகல் பார்வையில் பெரிய குறையில்லை. ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால், நமக்கு அரை மணியில் கண் பழகுவது போல் இவர்களுக்குப் பழகுவதில்லை. பல மணி நேரம் ஆகும். மருத்துவர் கருவியால் பார்த்தால் விழித்திரை பொன்னிறமாக மின்னும். இரண்டு மூன்று மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல், இருட்டில் இருந்தால் அந்தப் பொன்னிறம் மறைந்துவிடும்! மீண்டும் வெளிச்சம் பட்டால் திரும்பி வரும். காரணம் தெரியாமலே பல ஆண்டுகள் கழிந்தன. 1995-ல் இந்நோயாளிகள் சிலரிடம் அரெஸ்டின் மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். 1997-ல் வேறு சிலரிடம் ரொடாப்சின் கைனேஸின் மரபணுவே பழுதாகியிருந்தது. குறியிடுபவன் இல்லை, அல்லது மூடுபவன் இல்லை. எங்கள் வீட்டு மணியின் கதைதான்! வைட்டமின் 'ஏ' குறைவால் வரும் மாலைக்கண் வேறு. அது உணவால் தீரும். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது மட்டும் தோன்றும் அரிய நோய்.

மருந்துக் கடையில் கைனேஸ்

உங்கள் வகுப்பில் ஆஸ்துமா உள்ள நண்பர் யாராவது இருக்கலாம். மூச்சு முட்டும்போது அவர் வாயில் வைத்து உறிஞ்சும் நீல நிறப் பம்ப்பில் பெரும்பாலும் சால்புட்டமால் என்ற மருந்து இருக்கும். அது மூச்சுக்குழல் தசையிலுள்ள அட்ரினலின் ஏற்பியை அழுத்துகிறது, தசை தளர்கிறது, காற்று போகிறது. அவசரத்துக்கு இது மிக நல்ல மருந்து. ஆனால் இதையே நாளெல்லாம் திரும்பத் திரும்ப உறிஞ்சினால்? பொத்தானை ஓயாமல் அழுத்தினால் கைனேஸும் அரெஸ்டினும் சும்மா இருக்குமா? ஏற்பிகள் மந்தமாகின்றன, எண்ணிக்கையிலும் குறைகின்றன. அதைவிடப் பெரிய தீங்கு, மூச்சுக்குழலின் அழற்சி அடியில் ஆறாமல் இருந்துகொண்டே இருப்பது. இவற்றையெல்லாம் எண்ணித்தான், நீலப் பம்ப்பை மட்டுமே தனியாக நம்பியிருக்கக் கூடாது, அழற்சியைத் தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என்று 2019-ல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலை மாற்றினார்கள். உங்கள் நண்பர் பம்ப்பை அடிக்கடி எடுப்பதைப் பார்த்தால், வீட்டில் சொல்லி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவோ கூட்டவோ சொல்லிவிடாதீர்கள்.

பலவீனமான இதயத்தின் கதை இன்னும் வினோதம். இதயம் சரியாக இறைக்காதபோது உடல் பதறி, அட்ரினலினையும் அதன் உறவினரான நாரட்ரினலினையும் ஓயாமல் அனுப்புகிறது. ஓய்ந்த மாட்டைச் சாட்டையால் அடிப்பது போல! கேட்டுக் கேட்டு அலுத்த இதயச் செல்கள் கைனேஸை அதிகப்படுத்திக்கொண்டு, காதை மூடிக்கொள்கின்றன. ஏற்பிகள் குறைந்துபோகின்றன. இந்த நிலையில் அட்ரினலின் ஏற்பியைத் தடுக்கும் 'பீட்டா தடுப்பி' மருந்துகளைக் கொடுப்பது ஆளையே கொன்றுவிடும் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் கற்பித்தார்கள். 1975-ல் சுவீடன் மருத்துவர்கள் சிலர் துணிந்து, சில நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள்; தேறினார்கள். நம்புவதற்கு உலகுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1990-களின் இறுதியில் பெரிய சோதனைகள் முடிந்த பிறகு, மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்திக் கொடுக்கும் இந்த மருந்து, இதயத் தளர்ச்சிக்கான முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்றாகிவிட்டது. கூச்சல் தணிந்தால் இதயம் மெல்ல மெல்ல மீண்டும் கேட்கத் தொடங்குகிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள்.

ஏற்பியே கைனேஸாகவும் இருக்கும் வகை ஒன்றும் உண்டு. இன்சுலின் ஏற்பி அப்படிப்பட்டது; 'செல்லே, வளர்' என்று சொல்லும் வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகள் பலவும் அப்படித்தான். இவற்றில் ஒன்று மரபணுப் பிழையால் அழுத்தியபடியே ஒட்டிக்கொண்டால், செல் ஓயாமல் பெருகிப் புற்றுநோயாகிறது. அந்தக் கைனேஸின் வாயை அடைக்கும் மாத்திரைகள் 2001-லிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

இரவில் விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்போது ஒரு கண்ணை மட்டும் கறுப்புத் துணியை மடித்து மூடி, லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணை அழுத்த வேண்டாம். வெளிச்சம் புகாமல் இருந்தால் போதும். அரை மணி நேரம் கழித்து விளக்கை அணைத்துவிட்டுத் துணியை எடுங்கள். இடத்தைவிட்டு எழாமல், ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடி அறையைப் பாருங்கள். மூடியிருந்த கண்ணுக்கு அலமாரியின் விளிம்பும் சன்னல் கம்பிகளும் தெரியும். படித்த கண்ணுக்கு இருட்டு மட்டுமே தெரியும். படித்த கண்ணில் ஒளி வாங்கிய ரொடாப்சின்களைக் கைனேஸும் அரெஸ்டினும் எப்போதோ மூடிவிட்டன. ஆனால் ஒளியால் கழன்றுபோன ரெடினால் என்னும் நிறப்பகுதி, மறுபடி பழைய வடிவம் பெற்று ரொடாப்சினில் போய்ச் சேரத்தான் நேரமாகிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணும் சன்னல் கம்பியைக் காண எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டியையும் இதைச் செய்யச் சொல்லி, அவருக்கு ஆகும் நிமிடத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.